68 பிகோஃபாரட் காட்டிய சிதைவு: வீட்டில் கட்டிய கண்டென்சர் மைக் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் தானே கட்டிய கண்டென்சர் மைக்கில் பேச்சும் வீணையும் அழகாகப் பதிவாகின. அதே மைக்கை நாதஸ்வரத்துக்கு முன்னால் வைத்தால் மேல் ஸ்தாயியில் ஒலி தடித்து, அதோடு ஒரு கரகரப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. தவிலின் வலந்தலையில் அடி விழும்போது அது இன்னும் கூடியது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில், அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. கெயினை, அதாவது பெருக்கத்தை, குறைத்துப் பதிவு செய்தாலும் கரகரப்பு குறையவில்லை. அப்படியானால் இன்டர்ஃபேஸுக்கு வருவதற்கு முன்பே, மைக்குக்குள்ளேயே ஒலி கெட்டுவிடுகிறது என்றுதான் பொருள்.

நாதஸ்வரத்தின் ஒலியிலேயே ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று என முழு மடங்குகளில் வரும் ஒலிகள்) ஏராளம், மைக் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். ஒற்றைச் சுரத்துக்கு அது பொருந்தும். நாதஸ்வரமும் ஒத்தும் தாளமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும்போது நிலைமை வேறு. நேர்கோட்டில் இயங்காத ஒரு சுற்று, இரண்டு ஒலிகளின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஒலிகளை உண்டாக்கும். அவை எந்தச் சுரத்துக்கும் உறவில்லாதவை. காது அவற்றைத்தான் கரகரப்பு என்று அடையாளம் காண்கிறது. இரண்டாம் ஹார்மோனிக்கை நான் அளப்பது அது தனியாகக் காதில் விழும் என்பதற்காக அல்ல. அந்தக் கலப்படத்தின் அளவை எளிதாகக் காட்டும் கருவி அது.

சுற்று எப்படி இருந்தது

ஒலியை மின் சிக்னலாக மாற்றும் கேப்சூல் 25 மி.மீ. அளவுள்ளது, நிரந்தர மின்னேற்றம் கொண்ட எலெக்ட்ரெட் வகை. அதனால் தனியாகத் துருவ மின்னழுத்தம் தேவையில்லை. உள்ளே இருந்த சுற்று, மைக் கட்டுபவர்கள் ஷோப்ஸ் அமைப்பு என்று சொல்வது. ஒரு ஜெஃபெட் (கேட் என்ற முனையின் மின்னழுத்தத்தால், சோர்ஸ், டிரெய்ன் என்ற மற்ற இரு முனைகளுக்கிடையே ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்), அதன் சோர்ஸிலும் டிரெய்னிலும் ஒரே மதிப்புள்ள மின்தடைகள், ஒவ்வொன்றும் 2.4 கிலோ ஓம். ஒரே மின்னோட்டம் இரண்டு மின்தடைகளிலும் ஓடுகிறது. கேட் உயர்ந்தால் சோர்ஸும் உயரும், டிரெய்ன் அதே அளவு தாழும். இப்படி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சிக்னல்கள் கிடைக்கின்றன. அவை இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர்களின் வழியாக எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் இணைப்பியின் 2, 3 முனைகளுக்குப் போகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. இன்டர்ஃபேஸ் அதே கேபிளில் அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் பவரிலிருந்து ஒரு ஜீனர் டயோடு 12 வோல்ட்டை எடுத்து ஜெஃபெட்டுக்குத் தருகிறது. கேட்டுக்கு 1 ஜிகா ஓம் மின்தடை. அதன் மறுமுனை ஒரு ப்ரீசெட்டில் (திருப்பி மாற்றக்கூடிய சிறு மின்தடையில்) இருக்கிறது. அந்த ப்ரீசெட்டைத் திருப்பினால் ஜெஃபெட்டின் மின்னோட்டம் மாறும்.

நண்பர் பயன்படுத்தியிருந்த ஜெஃபெட் தோஷிபாவின் 2எஸ்கே170. இரைச்சல் மிகக் குறைந்தது என்று பெயர் வாங்கியது. அதன் தயாரிப்பு நின்று நாளாகிவிட்டதால் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. நண்பர் ஒரு கடையில் வாங்கிய சில உருப்படிகளில் ஒன்று, ஜிஆர் என்ற மின்னோட்ட வகுப்பின் முத்திரையோடு 14 மில்லியாம்பியர் காட்டியது. உண்மையான ஜிஆர் வகுப்பு 2.6 முதல் 6.5 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். நல்லவேளையாக மைக்குக்குள் இருந்ததைக் கழற்றி, கேட்டையும் சோர்ஸையும் இணைத்து 10 வோல்ட் கொடுத்து அளந்தபோது 5 மில்லியாம்பியர் வந்தது. இந்தச் சோதனைக்கு மல்டிமீட்டரும் ஒரு பேட்டரியும் போதும். ஃபெட்டைப் பலகையில் பற்றவைக்கும் முன் எல்லோரும் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ப்ரீசெட்டை எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “டிரெய்னில் பாதி சப்ளை வரணும்னு படிச்சேன் அண்ணே. 6 வோல்ட்டுக்கு இறக்கினா சத்தமே அமுங்கிடுது, அதான் 7-ல விட்டேன்” என்றார்.

இந்தப் பாதி சப்ளை விதி ஒரு நல்ல விதிதான், ஆனால் வேறொரு சுற்றுக்குரியது. டிரெய்னில் மட்டும் சுமை மின்தடையும், சோர்ஸில் சிறிய மின்தடையும் உள்ள ஒற்றை ஃபெட் பெருக்கியில் டிரெய்னைப் பாதியருகே வைத்தால் இரு பக்கமும் அசைய இடம் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. டிரெய்ன் கீழே வரும் அதே நேரத்தில் சோர்ஸ் மேலே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. டிரெய்ன் 7 வோல்ட் என்றால் சோர்ஸ் 5 வோல்ட். நடுவில் இருப்பது 2 வோல்ட் மட்டுமே. அசைய இடமில்லாமல் அலையின் உச்சி தட்டையாவதுதான் வெட்டுப்படுதல். அது இரு பக்கமும் சமமாக நிகழ வேண்டும் என்றால், சப்ளையைக் கிட்டத்தட்ட நான்காகப் பிரித்து, சோர்ஸை ஒரு பங்கிலும் டிரெய்னை மூன்று பங்கிலும் வைக்க வேண்டும். அதாவது சோர்ஸில் சுமார் 2.9 வோல்ட், டிரெய்னில் 9.1 வோல்ட். காகிதத்தில் இரண்டு வரி எழுதினால் இது தெரிந்துவிடும்.

ஆனால் இது மட்டுமே காரணம் என்றால் கணக்கு முழுதாக ஒத்துப்போகவில்லை. 94 டெசிபெல் ஒலியழுத்தம் என்பது 1 பாஸ்கல். கேப்சூல் ஒரு பாஸ்கலுக்கு 10 மில்லிவோல்ட் தரும் என்று வைத்துக்கொண்டேன். நண்பரின் அமைப்பில் அலை தட்டையாக வெட்டுப்பட 130 டெசிபெலுக்கு மேல் வேண்டும். தவில் அடியின் உச்சம் அதைத் தொட்டிருக்கலாம். நாதஸ்வரத்தில் வந்த அந்தத் தடிப்போ அதற்குக் கீழேயே, மெதுவாகத் தொடங்கிக் கூடிக்கொண்டே போனது. வெட்டுப்படுதல் இப்படி இருக்காது. ஒரு எல்லை வரை சுத்தமாக இருந்துவிட்டுத் திடீரென்று உடையும்.

ஒலியை விட்டு மின்சாரத்தால் அளப்பது

மைக்கின் சிதைவை ஸ்பீக்கர் வைத்து அளக்க முடியாது. 124 டெசிபெல் ஒலியை எழுப்பும் எந்தச் சாதாரண ஸ்பீக்கரும் அந்த அளவில் தானே நிறையச் சிதைவைச் சேர்த்துவிடும். நாம் தேடுவது அதைவிடப் பல மடங்கு சிறியது. ஆகவே கேப்சூலைக் கழற்றிவிட்டு, அது தரும் மின்னழுத்தத்துக்குச் சமமான சிக்னலை நேரடியாகச் சுற்றுக்குள் செலுத்த வேண்டும். பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. நோய்மன் யு87 ஏஐ மைக்குக்கு 117 டெசிபெல், கேஎம்184-க்கு 138 டெசிபெல் என்று 0.5 சதவீதச் சிதைவுக்கான உச்ச ஒலியைக் குறிக்கிறார்கள். அந்தச் சிதைவு, கேப்சூல் தரக்கூடிய அளவு மின்னழுத்தத்தைப் பெருக்கிக்குள் செலுத்தி எடுக்கப்படும் அளவு.

என் மேசையில் இருந்தவை எளிமையானவை. 24 பிட் ஆடியோ இன்டர்ஃபேஸ், மடிக்கணினி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், எல்லாவற்றையும் மூட ஒரு பிஸ்கட் டின். ஜிகா ஓம் மின்தடை உள்ள கேட், திறந்து கிடந்தால் அறையில் உள்ள எல்லா வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். டின்னை எக்ஸ்எல்ஆரின் 1-ஆம் முனையோடு சேர்த்து மூடினால் அது அடங்கிவிடும்.

சோதனை அலைக்கு 1000 ஹெர்ட்ஸை எடுக்காமல் 997 ஹெர்ட்ஸை எடுத்தேன். 1000-இன் மடங்குகள் எல்லாமே 50-இன் மடங்குகளும்கூட. மின்வாரிய இரைச்சலின் ஹார்மோனிக் ஒன்று 2000 ஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்தால், அதை மைக்கின் இரண்டாம் ஹார்மோனிக் என்று நம்பிவிடுவோம். 997 என்றால் இரண்டாம் ஹார்மோனிக் 1994-இல் தனியாக நிற்கும். இரைச்சலையும் சேர்த்துக் காட்டும் மொத்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. மைக்கின் இயல்பான இரைச்சல் அந்த எண்ணை ஆக்கிரமித்துக்கொள்ளும், ப்ரீசெட்டைத் திருப்பும்போது என்ன மாறுகிறது என்பது மறைந்துபோகும். இரண்டாவது, மூன்றாவது ஹார்மோனிக்குகளின் உயரத்தைத் தனித்தனியாகப் பார்ப்பதே சரி.

இன்டர்ஃபேஸும் கொஞ்சம் சிதைவைச் சேர்க்கும். அதைப் பிரித்தெடுக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. மைக்கின் வெளியீட்டில் 2, 3 முனைகளை மாற்றி இணைத்து, அதே அளவீட்டை மறுபடி எடுக்க வேண்டும். முனைகளை மாற்றும்போது மைக் உண்டாக்கிய இரண்டாம் ஹார்மோனிக்கும் அடிப்படை அலையும் சேர்ந்தே தலைகீழாகின்றன. இன்டர்ஃபேஸ் உண்டாக்குவதோ தலைகீழாவதில்லை. ஆகவே ஒரு முறை இரண்டும் கூடும், இன்னொரு முறை கழியும். இரண்டின் சராசரி மைக்கின் பங்கு, வித்தியாசத்தின் பாதி இன்டர்ஃபேஸின் பங்கு. விலையுயர்ந்த கருவி இல்லாமலே 0.01 சதவீதத்துக்குக் கீழே நம்பிக்கையோடு பேச இது இடம் தருகிறது. வீட்டில் மைக் கட்டும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முடிச்சு இங்கேதான்

முதலில் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து பெரிய கெபாசிட்டர் ஒன்றின் வழியாகக் கேட்டுக்கு 316 மில்லிவோல்ட் கொடுத்தேன். 124 டெசிபெல் ஒலிக்கு இது சமம். ப்ரீசெட்டைத் தொடவில்லை, நண்பர் வைத்த அதே 7 வோல்ட். இரண்டாம் ஹார்மோனிக் 0.03 சதவீதம். மிக நல்ல எண். இத்தோடு நிறுத்தியிருந்தால் சுற்றில் பழுதில்லை, கேப்சூலை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டியதுதான்.

ஆனால் கேப்சூல் அப்படிப்பட்ட ஜெனரேட்டர் அல்ல. அது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் திறன், அதாவது கொள்ளளவு, சில பத்து பிகோஃபாரட் மட்டுமே உள்ள ஒரு மெல்லிய கெபாசிட்டர். அதன் பின்னால் பலமான மின்னோட்டம் எதுவும் இல்லை. எனவே பெரிய கெபாசிட்டரை எடுத்துவிட்டு 68 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை கேப்சூலின் இடத்தில் வைத்தேன். மின்னழுத்தத்தோடு கொள்ளளவு மாறாத சி0ஜி வகை செராமிக். வெள்ளி மைக்காவோ பாலிஸ்டைரீனோ இருந்தாலும் சரி. எக்ஸ்7ஆர் வகை செராமிக்கை மட்டும் இங்கே வைக்கக் கூடாது. மின்னழுத்தத்தோடு அதன் கொள்ளளவே மாறும் என்பதால், நாம் தேடும் சிதைவை அதுவே உண்டாக்கிவிடும்.

அதே 316 மில்லிவோல்ட், அதே ப்ரீசெட் நிலை. இரண்டாம் ஹார்மோனிக் 0.7 சதவீதம். நேரடியாகக் கொடுத்தபோது இருந்ததைப் போல இருபது மடங்குக்கும் மேல்.

காரணம் ஜெஃபெட்டின் உள்ளே இருக்கும் கொள்ளளவுகள். 2எஸ்கே170-க்கு உள்ளீட்டுக் கொள்ளளவு 30 பிகோஃபாரட் என்று தயாரிப்பாளர் தருகிறார். இந்தச் சுற்றில் சோர்ஸ் கேட்டோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான பங்கு பெரும்பாலும் காணாமல் போகிறது. மீதி இருப்பது கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையிலானது. 10 வோல்ட்டில் அது சுமார் 6 பிகோஃபாரட். டிரெய்ன் எதிர்த்திசையில் அசைவதால் கேட்டின் பார்வையில் அது இரட்டிப்பாகிறது. கேப்சூலின் 68 பிகோஃபாரட்டும் இதுவும் சேர்ந்து சிக்னலைப் பங்கு போடுகின்றன. பங்கு மாறாமல் இருந்தால் ஒலி கொஞ்சம் குறையுமே தவிர சிதையாது. இந்தக் கொள்ளளவோ ஒரு பிஎன் சந்தியின், அதாவது குறைக்கடத்தியின் இரு வகைப் பகுதிகள் சேரும் இடத்தின், கொள்ளளவு. அதன் மேலுள்ள மின்னழுத்தம் குறையக் குறைய அது பெருகும். அலை மேலே போகும்போது கேட் உயர்ந்து டிரெய்ன் தாழ்ந்து நடுவிலுள்ள மின்னழுத்தம் சுருங்குகிறது, கொள்ளளவு வீங்குகிறது, கேட்டுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. அலை கீழே போகும்போது இதற்கு நேர்மாறு. மேல்பாதி அமுங்கி, கீழ்ப்பாதி நீண்டுபோகிறது. இரண்டாம் ஹார்மோனிக் என்பது இதுதான்.

நண்பரின் அமைப்பில் கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையில் இருந்தது 2 வோல்ட்டைச் சற்றே தாண்டிய அளவு. அந்த இடத்தில் கொள்ளளவின் வளைவு மிகச் செங்குத்தாக இருக்கும். ஜெனரேட்டரிலிருந்து நேரடியாகச் செலுத்தும்போது, எவ்வளவு மின்னோட்டம் கேட்டாலும் அது கொடுத்துவிடுவதால் இந்த வீக்கம் வெளியே தெரிவதில்லை. நாதஸ்வரத்தில் மட்டும் தெரிந்து, நேரடிச் சோதனையில் ஒளிந்துகொண்ட கோளாறு இதுவே. வெட்டுப்படாமலே மெதுவாகக் கூடிக்கொண்டு போனதற்கும் விளக்கம் கிடைத்தது: இந்தச் சிதைவு சிக்னலின் அளவுக்கு நேர் விகிதத்தில் வளரும். 94 டெசிபெலில், அதாவது பேச்சு அளவில், 0.02 சதவீதம்தான், யாருக்கும் கேட்காது. 30 டெசிபெல் மேலே போனால் முப்பது மடங்குக்கு மேல்.

ப்ரீசெட்டைத் திருப்புவது

இப்போதுதான் ப்ரீசெட்டுக்கு வேலை வருகிறது. ஒரு எச்சரிக்கை: மின்னழுத்தத்தைக் கேட்டில் வைத்து அளக்கக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரின் 10 மெகா ஓம் உள்ளீடு, 1 ஜிகா ஓம் வழியாக வரும் மின்னழுத்தத்தை நூறில் ஒரு பங்காக இறக்கிவிடும், சுற்றும் நிலைகுலைந்துவிடும். சோர்ஸ் மின்தடையின் மேல்தான் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் பெரிய கெபாசிட்டர்கள் நிலைபெறக் கொஞ்ச நேரம் விட வேண்டும். சால்டரிங் அயர்ன் பட்ட பிறகு இன்னும் அதிக நேரம். சூடான ஜெஃபெட்டின் கேட் கசிவு, 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகும். 1 ஜிகா ஓமில் 10 பிகோ ஆம்பியர் கசிந்தாலே 10 மில்லிவோல்ட் நகரும்.

68 பிகோஃபாரட் வழியாக அதே 316 மில்லிவோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே சோர்ஸ் மின்னழுத்தத்தை 5-லிருந்து இறக்கினேன். 4 வோல்ட்டில் இரண்டாம் ஹார்மோனிக் சுமார் 0.3 சதவீதத்துக்கு வந்தது. 3 வோல்ட்டில் 0.17. 2 வோல்ட்டில் 0.07 அருகே. 1.5 வோல்ட்டில் கிட்டத்தட்ட மறைந்தே போனது. இன்னும் இறக்கி 1.2-க்குப் போனால் மறுபடி 0.08-க்கு ஏறியது, அதோடு மூன்றாம் ஹார்மோனிக்கும் தலைகாட்டியது.

1.5 வோல்ட்டில் வந்த அந்தக் குழி பார்க்க மிகவும் ஆசை காட்டும். பலர் அங்கேயே நிறுத்தி, ப்ரீசெட் நகராதபடி நெயில் பாலிஷ் வைத்துவிடுவார்கள். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் அவ்வளவு அவசரம் தேவையில்லை. ஜெஃபெட்டுக்கு இன்னொரு சிதைவும் உண்டு. அதன் மின்னோட்டம், கேட் மின்னழுத்தத்தின் இருபடியாக வளர்வது. இது மேல்பாதியை நீட்டும், கீழ்ப்பாதியை அமுக்கும். அதாவது கொள்ளளவு செய்வதற்கு நேர் எதிர். சோர்ஸ் மின்தடை தரும் எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கு உள்ளீட்டை எதிர்த்து நிற்பது) இந்தச் சிதைவை மிக நன்றாக அடக்கி வைத்திருக்கிறது. ஆனால் மின்னோட்டம் குறையக் குறையப் பின்னூட்டத்தின் பிடி தளர்ந்து இது வளர்கிறது. கொள்ளளவுச் சிதைவோ அதே நேரத்தில் தேய்கிறது. இரண்டும் சமமாகும் புள்ளியில் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. அங்கே சிதைவு குறையவில்லை. இரண்டு சிதைவுகள் ஒன்றையொன்று மறைக்கின்றன.

சந்தேகத்தைத் தீர்க்க 68-ஐ எடுத்துவிட்டு 47 பிகோஃபாரட்டையும் பிறகு 100 பிகோஃபாரட்டையும் வைத்துப் பார்த்தேன். 47 என்றால் குழி இன்னும் குறைந்த சோர்ஸ் மின்னழுத்தத்துக்கு நகர்ந்தது, 100 என்றால் உயர்ந்த மின்னழுத்தத்துக்கு. நேரடியாகக் கொடுத்தால் குழியே இல்லை. என் கையிலுள்ள கேப்சூலின் உண்மையான கொள்ளளவு 68 தான் என்று யார் உறுதி தருவது? கேப்சூல் மாறினால், வெயிலில் ஃபெட்டின் குணம் நகர்ந்தால், குழியும் நகர்ந்துவிடும். மேலும் 1.5 வோல்ட்டில் அலையின் கீழ்ப்பாதிக்கு 1.5 வோல்ட் இடம்தான் இருக்கிறது. சமமாக வெட்டுப்படும் 2.9 வோல்ட்டோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 6 டெசிபெல் இழப்பு. தவிலுக்கு அந்த 6 டெசிபெல் முக்கியம்.

இறுதியில் 2.3 வோல்ட்டில் நிறுத்தினேன். டிரெய்னில் 9.7 வோல்ட், மின்னோட்டம் 0.96 மில்லியாம்பியர். 124 டெசிபெலுக்குச் சமமான சிக்னலில் இரண்டாம் ஹார்மோனிக் 0.1 சதவீதம், மூன்றாவது அளக்க முடியாத அளவுக்குத் தாழ்வு. 47-ஐ வைத்தாலும் 100-ஐ வைத்தாலும் இந்த எண் பெரிதாகத் துள்ளவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். ஒரே ஒரு நிலையில் அற்புதமாக இருப்பதைவிட, கேப்சூல் எப்படியிருந்தாலும் நல்லபடியாக இருக்கும் நிலையே மைக்குக்கு உகந்தது. வெட்டுப்படும் எல்லைக்கும் 2 டெசிபெல்தான் விட்டுக்கொடுத்தேன்.

வழியில் சரிபார்த்த இரண்டு நம்பிக்கைகள்

சமச்சீர் வெளியீடு இருப்பதால் இரண்டாம் ஹார்மோனிக் தானாகவே கழிந்துவிடும் என்று பலரும் சொல்வதுண்டு. இந்தச் சுற்றுக்கு அது பொருந்தாது. சோர்ஸிலும் டிரெய்னிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். சிதைவு அந்த மின்னோட்டத்திலேயே கலந்திருக்கிறது. அது இரண்டு வெளியீடுகளிலும் அடிப்படை அலையோடு சேர்ந்தே தலைகீழாவதால், கழிக்கும்போது இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. சோர்ஸை மட்டும் தனியாக எடுத்து அளந்தபோதும் ஏறத்தாழ அதே சதவீதம்தான் வந்தது. தனித்தனி மின்னோட்டம் உள்ள இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர்களின் சிதைவு மட்டுமே அப்படிக் கழியும்.

இரண்டாவது நம்பிக்கை, கொள்ளளவு குறைந்த ஜெஃபெட்டைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருந்ததால் ஜே305 என்ற ஜெஃபெட்டைப் போட்டுப் பார்த்தேன். அதன் கேட்–டிரெய்ன் கொள்ளளவு 1 பிகோஃபாரட் அளவில்தான். எதிர்பார்த்தபடியே கொள்ளளவுச் சிதைவு மறைந்தது. நேரடியாகக் கொடுத்தாலும் 68 வழியாகக் கொடுத்தாலும் எண் ஏறத்தாழ ஒன்றுதான். சிக்னல் இழப்பும் 1.6 டெசிபெலிலிருந்து 0.3-க்குக் குறைந்தது. ஆனால் அந்த எண் 0.25 சதவீதம். 2எஸ்கே170-ஐ விட இரண்டரை மடங்கு அதிகம்! அதே மின்னோட்டத்தில் ஜே305-இன் கடத்தல் திறன் (கேட் மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பது) நான்கில் ஒரு பங்குக்கு அருகில்தான். கடத்தல் திறன் குறைந்தால் சோர்ஸ் மின்தடையின் பின்னூட்டமும் குறையும், இருபடிச் சிதைவு அடங்காமல் நிற்கும். எலி வளைக்குப் பயந்து வீட்டையே இடித்த கதையாகிவிடும். 2எஸ்கே170-ஐத் திருப்பிப் போட்டேன்.

ஒரு நேர்மையான குறிப்பு. கேப்சூலிலேயே பிறக்கும் சிதைவை இந்த முறை காட்டாது. டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வு) அசையும்போது தகடுகளுக்கிடையிலான மின்னேற்றம் மாறாமல் இருந்தால் வெளியீடு நேர்கோட்டில் இருக்கும். அசையாத ஓரப்பகுதியின் கொள்ளளவும் ஃபெட்டின் கொள்ளளவும் பக்கத்தில் நின்று மின்னேற்றத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் அங்கும் இரண்டாம் ஹார்மோனிக் தோன்றும். அந்த ஒரு வகையில் ஜே305-க்கு இன்னும் வாதம் இருக்கிறது. மிகப் பலத்த ஒலிக்கு மட்டுமே மைக் வேண்டும் என்றால், பெரிய சோர்ஸ் மின்தடையும் உயர்ந்த சப்ளையும் கொடுத்து அதையும் முயன்று பார்ப்பேன்.

கேட்டைச் சுத்தமாக வைத்தல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டும் ஜிகா ஓம் மின்தடையும் கேப்சூல் வயரும் சேரும் இடம் பிசிபியை, அதாவது சுற்றுப் பலகையை, தொடவே கூடாது. காற்றில் தொங்கியபடியோ டெஃப்லான் முனையின் மேலோ பற்றவைக்க வேண்டும். கடற்கரை ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் பற்றவைத்த பின் மிஞ்சும் ஃபிளக்ஸ் கறை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பலகையின் மேல் கசிவு 1 ஜிகா ஓம் அளவுக்கு வந்தால்கூட கேட் மின்னழுத்தம் பாதியாகிவிடும். அப்புறம் 2.3 வோல்ட் என்று நாம் பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் வீண். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்து, கை படாமல் மூடினேன். பிறகு கெட்டில் ஆவி பக்கத்தில் டின்னை வைத்து சோர்ஸ் மின்னழுத்தம் நகர்கிறதா என்று பார்த்தேன். மில்லிவோல்ட் கணக்கில்தான் அசைந்தது.

பதிவில் என்ன மாறியது

கேப்சூலை மறுபடி பொருத்தி, அதே நாதஸ்வரக் கலைஞரை அதே தூரத்தில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில் முன்பு கேட்ட தடிப்பு இல்லை. கமகங்களின் நெளிவு தெளிவாகப் பிரிந்து கேட்டது. ஒத்தின் சுரம் பின்னால் தனியாக நின்றது. தவில் அடியில் கரகரப்பு போய், தோலின் ஒலி தோலின் ஒலியாகவே வந்தது. பேச்சிலும் வீணையிலும் எந்த வித்தியாசமும் இல்லை, இருக்கவும் கூடாது. அந்த அளவில் பழைய அமைப்பின் சிதைவே மிகச் சிறியதுதான்.

நண்பர் இப்போது ஸ்டீரியோவுக்காக இரண்டாவது மைக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு எடுத்து வைத்திருக்கும் 2எஸ்கே170-இன் மின்னோட்டம் 3.4 மில்லியாம்பியர், முதல் மைக்கிலிருந்து வேறு. ஆகவே 2.3 வோல்ட்டை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. 47, 68, 100 மூன்று கெபாசிட்டர்களையும் ஒரு சிறு கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் இரண்டாம் ஹார்மோனிக் எங்கே அமைதியாக இருக்கிறதோ அங்கே நிறுத்தி, வெட்டுப்படும் எல்லையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மைக்கின் சத்த அளவிலும் வித்தியாசம் இருந்தால் அதை இன்டர்ஃபேஸின் கெயினில் சரிசெய்துகொள்ளலாம், ப்ரீசெட்டில் அல்ல.